மாற்றத்துக்கான காரணம்

அந்த ஆளை எனக்குத் தெரியாது.
எங்கோ ஒரு குளிர்நகரத்தில், இரவு இரண்டு மணிக்கு,
செயற்கைக்கோள் படத்தின் மேல் சுட்டியை நகர்த்தி
எங்கள் தீவின் நூற்றுப் பதினேழு கூரைகளுக்கு
நான்கு நான்கு மூலை வைத்துத் தந்திருக்கிறார்.
கூலி கேட்கவில்லை. பெயர்கூட
ஒரு பறவையும் சில எண்களும்தான்.

அவற்றில் பதினொன்று பன்றிப்பட்டி.
இரண்டு, கவிழ்த்துப் போட்ட படகுகள்.
ஒன்று பவுரோவின் வீடு.

தராவாவிலிருந்து படகேறி வந்த மடிக்கணினி;
மின்சாரத்துக்குக் கூரைமேல் சூரியத் தகடு.
மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை.
இருந்திருந்தால் இந்த வேலையும் இல்லை.
கோல் நுனியில் கருவியைக் கட்டிக்கொண்டு
தாழைக்குத் தாழை நடந்து தேயாரோ உயரம் அளந்தாள்.
ஒன்று இருபது. ஒன்று எண்பது.
மாதா கோயில் படிக்கட்டு, இரண்டு நாற்பது.
அதற்கு மேல் தென்னைதான்.

'அருகிலுள்ள மேட்டுநிலம்' என்று நிரலிடம் கேட்டேன்.
வெகுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டு
வெற்று அட்டவணை ஒன்றைத் தந்தது,
தலைப்புகள் மட்டும் ஒழுங்காக.

ஓதத்தை அரை மீட்டர் உயர்த்தினால்
நீலம் பள்ளிக்கூடத்தைச் சுற்றும்.
முக்காலில் மருந்தகம்.
ஒன்றரை என்றபோது
தேயாரோ திரையை மூடச் சொல்லவில்லை.
"தண்ணீர்த் தொட்டியின் மேல்தளத்தில்
எத்தனை பேர் நிற்கலாம்?" என்றாள்.
அறுபது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டால் எண்பது.
நாங்கள் ஐந்நூற்று நான்கு பேர்.

படம் நான்கு வருடம் பழையது.
பவுரோவின் வீடு அதில் இன்னும் இருக்கிறது,
தகரக் கூரை வெயிலில் வெள்ளையாய்.
இன்றைக்கு அந்த நான்கு மூலைக்குள்
முழங்காலளவு காயல், கொஞ்சம் மீன்குஞ்சு.

அழிப்பதற்கு ஒரே ஒரு விசை.
அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும்,
மாற்றத்துக்கான காரணம்? என்று கேட்கும்.

கேள்விப்பட்டுப் பவுரோவே வந்துவிட்டார்.
"அதை எடுத்துவிட்டால் என் நிலத்தின் எல்லை?
கிணறு அங்கேதான் இருக்கிறது, அடியில்.
வாசலில் தங்கச்சியைப் புதைத்திருக்கிறோம்."

அழிக்கவில்லை.
'வீடு' என்ற குறிச்சொல்லுக்கு முன்னால்
'இருந்த' என்று சேர்த்தேன்.
நாலெழுத்து.
வரைபடத்துக்கும் இறந்தகாலம் உண்டென்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

பிறகு நீலத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார்.
"கடல் விளிம்பில் ஏறித்தான் வருமென்று யார் சொன்னது?
இது பவளம், அம்மா. சல்லடை.
முதலில் கிழங்குக் குழியில் உப்பு ஊறும்.
பிறகு கிணற்றில்.
பிறகு அடுப்படித் தரையிலிருந்து
எறும்புகள் முட்டையோடு கிளம்பும்.
அதற்கப்புறம்தான் அலை வந்து
தானே முதலில் வந்ததுபோல் சத்தம் போடும்."

நிரலின் கணக்கில் தீவு ஒரு தட்டு,
கடல் அதற்கு வெளியே.
அச்சடித்த தாளை ஊர்மன்றத் தரையில் விரித்தோம்,
மூலைக்கு ஒரு கிளிஞ்சல் வைத்து.
பவுரோ பென்சிலால் ஒன்பது வட்டம் போட்டார்.
பத்தாவதை மருந்தகத்து ரோத்தியா போட்டாள்.
பதினொன்றாவது எந்த வருடத்து வெள்ளம் என்பதில்
அண்ணன் தம்பி இருவருக்குச் சண்டை;
இரண்டு வருடத்தையும் எழுதிக்கொண்டேன்.
ஒரு பையன் தன் நாய் படுக்கும் இடத்தையும் வட்டமிட்டான்.
அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இரவில் எல்லாவற்றையும் புதிய அடுக்காக ஏற்றினேன்.
அடுக்குக்குப் பெயர் கேட்டது.
'நிலத்தடி வெள்ளப் புள்ளிகள்' என்று தட்டி, அழித்து,
'பவுரோ சொன்னது' என்று வைத்தேன்.

பறவைப் பெயர்க்காரருக்கு ஒரு குறிப்பு எழுதினேன்:
பதினொன்றும் பன்றிப்பட்டி. அவற்றை நீக்கவில்லை,
வகையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.
இருட்டில் தண்ணீர் வந்தால்
முதலில் கத்துகிறவை அவைதான்.

படகுகள் இரண்டையும் எடுத்துவிட்டேன்.
பெட்டி திறந்தது, வழக்கம்போல் கேட்டது.
காரணம்: மீன்பிடிக்கப் போயிருக்கின்றன.